கோமதி போட்ட கைக்குட்டை

காலை 9.40. புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் அறந்தாங்கி வண்டியில் ஏறினேன். ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் முப்பது ரூபாய். பையில் மூன்று பொருள்கள்: தண்ணீர் பாட்டில், அரைக்கிலோ முந்திரி, என் நாவலின் 212 பக்க அச்சுப்படி.

நாவல் நடப்பதும் இதே நிலையத்தில்தான். பத்தாம் வகுப்பில் கோமதியும் நானும் கந்தர்வக்கோட்டையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குத் தினமும் இங்கே வந்து இறங்குவோம். மாலை நெரிசலில் சன்னல் வழியாகக் கைக்குட்டையை வீசி இடம் பிடிப்பது அவள் வேலை. கைக்குட்டை கிடக்கும் இருக்கையில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். அதையே மந்திர விதியாக்கிக் கதை எழுதினோம்: எங்கள் ஊருக்கு அடியில் கந்தர்வர் நகரம், அங்கிருந்து யார் கண்ணிலும் படாமல் வரும் ஒரு பேருந்து, கைக்குட்டை போட்டவருக்கே இடம். நோட்டில் ஏழு அத்தியாயங்கள், ஆளுக்கொரு பக்கம். மீதியைப் பெங்களூரில் நான் தனியாக முடித்தேன். எங்கள் பெயர்களைக்கூட மாற்றவில்லை.

திங்கட்கிழமை பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். அவள் சம்மதிக்காமல் அனுப்புவதாக இல்லை. போன வாரம் நாவலை அவள் கைபேசிக்கு அனுப்பியிருந்தேன். ‘நேர்ல வா’ என்று மட்டும் பதில் வந்தது.

10.55. அறந்தாங்கி. கோமதி ஸ்கூட்டியோடு நின்றாள்; வீட்டுக்கு அழைத்துப் போனாள். கணவர் துபாயில் இருக்கிறார். வீட்டின் முன்னறையில் இவளுடைய தையல் கடை. டீயைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

“ஏன்டி இஞ்சினியரம்மா, கடைசில நீ மட்டும் அந்த பஸ்ல ஏறிப் போற. என்னைய ஏன் ஸ்டாண்டுலயே நிப்பாட்டி வச்சிருக்க?”

“ஒனக்குச் சீக்கிரமே கல்யாணம் ஆயி, இங்கிட்டு வந்துட்டியே...”

“கதையில எனக்குப் பதினஞ்சு வயசுடி! அதுக்குள்ள கட்டிக் குடுத்துட்டியா?” சிரித்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து வைத்தாள். “சீட்டுப் போட்டது பூரா நானு. கதையில எல்லாம் நீயே போடுற.”

உண்மைதான். எழுதும்போது எனக்கு அது உறைக்கவே இல்லை.

“அனுப்பவா, வேணாமா?”

“என்னைய ஏத்திட்டு அனுப்பு.”

மாலை 3.30. புதுக்கோட்டை வண்டி நிற்பதற்குள் கூட்டம் படியை அடைத்தது. கோமதி ஓடிப்போய் மூன்றாவது சன்னலில் கைக்குட்டையை வீசினாள். குறி தப்பவில்லை. “போடி, சீட்டு கெடக்கு!”

இருவர் இருக்கை. சன்னலோரம் உட்கார்ந்து கைக்குட்டையைத் திருப்பித் தருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. “வச்சுக்க, அங்கிட்டு வாரப்ப வாங்கிக்கிறேன்!” என்று கத்தினாள். அதைப் பக்கத்தில் வைத்தேன்.

கூடையோடு நின்ற ஒரு பெண் கேட்டார்: “ஆளு வருதாங்க?”

“இல்லங்க, உக்காருங்க.” கைக்குட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பெங்களூர்ப் பேருந்தில் என் இருக்கைக்கு எண் இருக்கும்; எனக்காக ஓடிவர ஆள் இருக்காது. கடைசிப் பக்கத்தை எடுத்து, கோமதி நிலையத்தில் நின்று கையசைக்கும் பத்தியைப் பேனாவால் அடித்துவிட்டு, கீழே புதிதாக எழுதினேன். வண்டி குலுக்கியதில் எழுத்து கோணிக்கொண்டு போனது:

சன்னலோரத்தில் கோமதி இருந்தாள். பக்கத்தில் கைக்குட்டை கிடந்தது.

“ஆளு வருதா?” என்றேன்.

“ஒனக்குத்தான் போட்டேன். உக்காரு.”