ஒரு நட்சத்திரமும் ஒரு வக்கீல் நோட்டீசும்

பல் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் டாக்டர் முன்னால் ஒரு முறை வாயைத் திறக்கிறார்கள், ரிசப்ஷனில் இருக்கிறவள் முன்னால் ஒரு முறை திறக்கிறார்கள். இரண்டாவதற்கு மரத்துப்போகிற ஊசி கிடையாது. திண்டிவனத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமாக நான் ரிசப்ஷனில் இருக்கிறேன். டோக்கன் கொடுக்க வேண்டும், போன் எடுக்க வேண்டும், நெட்டில் எங்களைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தினமும் பார்த்து டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அந்த மூன்றாவது வேலை எவ்வளவு பேஜாரு என்று தெரியும். அந்தப் பக்கம் நின்று, கோபத்தில் போனை எடுத்து நாலு வரி தட்டியவராக நீங்கள் இருந்தாலும் வெட்கப்பட வேண்டாம். நானும் உங்கள் கூட்டம்தான்.

போலி

திருவாமாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் வைக்கிற ஒருவர், மகள் வீட்டுக்குத் திண்டிவனம் வந்த இடத்தில் கன்னம் வீங்கி எங்களிடம் வந்தார். உள்ளே ஒரு அவசர கேஸ் ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். பல்லைப் பிடுங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸிலேயே எழுதிவிட்டார்: "ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சாங்க. போலி டாக்டர். யாரும் போகாதீங்க." நட்சத்திரம் ஒன்று.

காக்க வைத்தது உண்மை என்று டாக்டரம்மாவே ஒப்புக்கொண்டார். 'போலி'தான் அவரைச் சாப்பிட விடவில்லை. "அஞ்சு வருஷம் படிச்சேன் கலா, அதோ மாட்டியிருக்கு பாரு" என்று சுவரைக் காட்டினார். வக்கீல் நோட்டீஸ் போயிற்று. கிடைத்த மறுநாளே அந்தப் பெரியவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். முகமெல்லாம் வேர்வை. எங்கள் வக்கீல் சாரும் அன்று பல் கட்ட வந்திருந்தார். "இது கேஸ் இல்லைங்க, நோட்டீஸ்தான்" என்று முதலில் அவரை உட்கார வைத்தார். "காக்க வெச்சாங்கன்னு எழுதினது நடந்த விஷயம், அது இருக்கட்டும். போலின்னு எழுதினா நீங்கதான் நிரூபிக்கணும்." பெரியவர் என் உதவியோடு அந்த வாக்கியத்தை மட்டும் எடுத்தார். நட்சத்திரத்தைக் கூட்டச் சொல்லி டாக்டரம்மா கேட்கவில்லை. மோர் வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "பஸ்ல எல்லாரும்தான் யாரையாவது திட்டிக்கினு வர்றோம், அதையே எழுதினா கோர்ட்டு வரைக்கும் போவும்னு நான் இன்னாம்மா கண்டேன்?"

மாறிப்போனது

"பல்லை மாத்திப் புடுங்கிட்டாங்க" என்று ஒரு நாள் காலையில் ஒரு வரி. எழுதியவர் கூட்டேரிப்பட்டில் டிபன் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா. எங்கள் ரிஜிஸ்டரை மூன்று மாதத்துக்குப் புரட்டியும் அவர் பெயர் இல்லை. அவர் போட்டோவிலேயே கடை போர்டும் நம்பரும் இருந்ததால் போன் செய்தேன். எந்தத் தெரு, மாடியா கீழா, போர்டு என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டதில், அவர் போனது பக்கத்துத் தெருவில் இருக்கிற வேறு ஆஸ்பத்திரி என்று தெரிந்தது.

"நோட்டீஸ் கீட்டீஸ் அனுப்பிடாதீங்க" என்று போனிலேயே பதறினார். நான் லைனில் இருக்கும்போதே அந்த வரி மறைந்தது. எனக்கும் மூச்சு வந்தது. அவர் சொன்னதுதான் இன்றைக்கும் எங்கள் ஆஸ்பத்திரியில் ஓடுகிறது: "அவங்க பல்லை மாத்திப் புடுங்கினாங்க, நான் ஆஸ்பத்திரியை மாத்திப் புடிச்சிட்டேன்!"

மலர் செய்த உதவி

மலர் எங்கள் அசிஸ்டன்ட். ஆஸ்பத்திரி மேல் அவளுக்கு அப்படி ஒரு பாசம். பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக ஒரு பல் ஆஸ்பத்திரி திறந்ததும், யாரும் சொல்லாமலே அதற்கு ஒரு நட்சத்திரம் போட்டு, "போனேன், தாடையே போச்சு" என்று எழுதிவிட்டாள். சொந்தப் பெயரில். போட்டோவில் எங்கள் ஆஸ்பத்திரி கோட்டு வேறு போட்டிருந்தாள். இரண்டே நாளில் அந்த டாக்டரிடமிருந்து போன் வந்தது.

வக்கீல் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "போகாத இடத்தைப் பத்தி, அதுவும் போட்டி ஆஸ்பத்திரி ஆள் எழுதினா, நான் எதைச் சொல்லிக் காப்பாத்துவேன்?" டாக்டரம்மா மலரைக் கூட்டிக்கொண்டு தானே நேரில் போனார். நானும் போனேன். அங்கே இருந்தது சின்ன வயசு டாக்டர். அந்த வரியைப் படித்துவிட்டு இரண்டு பேர் வராமல் நின்றுவிட்டதாகச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. மலர் அங்கேயே அதை எடுத்தாள், அழுதாள், மன்னிப்பு எழுதிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, இதோடு விட்டுவிடலாம் என்றார். திரும்பும்போது ஆட்டோவில் மலர் மெதுவாகச் சொன்னாள்: "நம்ம ஆஸ்பத்திரின்னு நெனச்சிக்கினு எழுதினேன் மேடம், அங்க ஒரு ஆள் உக்காந்து படிப்பாங்கன்னு தோணவேயில்லை."

என் பெயருக்கு வந்தது

இவ்வளவையும் பார்த்த நானே மாட்டினேன் என்றால் நம்புவீர்களா? விழுப்புரத்தில் ஒரு கடையில் தேக்குக் கட்டில் வாங்கினோம். மூன்றாவது வாரம் காலொன்று பிளந்தது. உள்ளே பார்த்தால் வெளுப்பாக ஏதோ மட்ட மரம். கடைக்கு நாலு முறை போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. ஐந்தாவது முறைக்குப் பதிலாக நெட்டில் எழுதினேன்: "தேக்குன்னு சொல்லி வேற மரம் குடுத்தாங்க. திருட்டுப் பசங்க."

பத்து நாளில், பில்லுக்காக நான் கொடுத்திருந்த ஆஸ்பத்திரி விலாசத்துக்கே ரிஜிஸ்டர் தபால் வந்தது. மானநஷ்டம், நஷ்ட ஈடு, கிரிமினல் நடவடிக்கை என்று வரிசையாக இருந்தது. மடித்துக் கைப்பைக்குள் திணித்தேன். வீட்டுக்காரரிடம் இரண்டு நாள் சொல்லவில்லை. சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டேன். மூன்றாம் நாள் டாக்டரம்மா கண்டுபிடித்து வக்கீல் சாரைக் கூப்பிட்டார். "பில்லு இருக்கா?" என்றார் அவர். இருந்தது, அதில் தேக்கு என்றே எழுதியிருந்தது. பிளந்த காலின் போட்டோவும் இருந்தது. "அப்போ மரத்தைப் பத்தின வரி நிக்கும். கடைசி ரெண்டு வார்த்தைதான் உன்னை மாட்டி விட்டது. அதை எடு, நான் பதில் போடறேன்" என்றார். அன்றைக்குத்தான் சாப்பாடு இறங்கியது.

பதில் போன பிறகு கடைக்காரரே கூப்பிட்டார். நானும் வீட்டுக்காரரும் விழுப்புரம் போனோம். சண்டைக்குத் தயாராகப் போனால், அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வேற மரம்னு படிச்சப்போ கோவம்தாம்மா வந்தது. திருட்டுப் பசங்கன்னதும் பயந்துட்டேன். பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கினு இருக்கோம், அவங்களும் படிப்பாங்க இல்ல?" என்றார். மரம் சப்ளை செய்தவன் ஏமாற்றியதாகச் சொன்னார். நம்பினேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் நோட்டீசை வாபஸ் வாங்கிக் கடிதம் கொடுத்தார், வேறு கட்டிலும் வண்டியில் ஏற்றினார். இனி நல்லதாக எழுதட்டுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஜல்தியே வேணாம்மா, ஒரு மாசம் படுத்துப் பாத்துட்டு அப்புறம் எழுதுங்க."

அன்றிலிருந்து கோபம் வந்தால் முதலில் பில்லைத் தேடுகிறேன். அது கிடைப்பதற்குள் எழுத நினைத்த பத்து வார்த்தைகளில் எட்டு எங்கோ போய்விடுகின்றன, மிச்சம் இருக்கிற இரண்டுக்கு இதுவரை யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை.