பெரணியின் புள்ளிகளைத் துடைத்தவன்

1. வம்சம் அற்றுப்போன செடி

"இந்தச் செடிக்கு இனிமே வம்சமே கிடையாது. யார் பண்ணின வேலை இது?"

விருதுநகரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த தாவரவியல் லெக்சரர் அம்மா இப்படிக் கேட்டபோது, பண்ணினவனாகிய நான் இரண்டடி தள்ளி நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். பாராட்டத்தான் ஆளைத் தேடுகிறார் என்று நினைப்பு.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் டச்சிங் ஆர்ட்டிஸ்ட். அது என்ன வேலை என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. படத்தைக் கேமராவில் பிடித்து நெகட்டிவ் எடுப்பார்கள். தூசி விழுந்த இடங்களில் நெகட்டிவில் ஊசித்துளை மாதிரி வெளிச்சம் தெரியும். அப்படியே விட்டால் அச்சில் கரும்புள்ளியாக விழும். ஒபேக் என்கிற செம்மண் நிறக் குழம்பை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு, அந்தத் துளைகளை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். காலண்டர் லட்சுமியின் கன்னத்தில் ஒரு புள்ளி விழுந்தால் ஆர்டரே திரும்பி வந்துவிடும். நான் தொட்ட நெகட்டிவில் ஒரு புள்ளி இருக்காது. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

லெக்சரர் அம்மா கொடுத்திருந்தது பள்ளிக்கூடச் சுவரில் மாட்டும் சார்ட். நிலத்தில் வளரும் செடிகளை நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எப்படி இனம் பெருக்குகிறது என்று காட்டும் படம். முதலில் ஈரச் சுவரில் படரும் பாசி, அடுத்து பெரணி, அப்புறம் பூக்காமல் விதை மட்டும் விடும் பைன், கடைசியில் பூத்துக் காய்க்கும் வகைக்குச் செம்பருத்தி. பெரணி இலை ஒன்றைத் திருப்பிப்போட்டு, அதன் அடிப்பக்கத்தைப் பெரிதாக்கி வரைந்திருந்தார்கள். அதில் இரண்டு வரிசையாகக் கரும்புள்ளிகள்.

எங்கள் கரிசல் காட்டில் பெரணியை யார் கண்டது? நான் கண்டது புள்ளிகளைத்தான். இருபத்திரண்டையும் அழகாக அடைத்துவிட்டேன். காலண்டர் சீசன். முதலாளி அண்ணாச்சி வந்து, "புரூஃபை அந்தம்மாவுக்கு அனுப்பணுமாலே?" என்று கேட்டார். "எதுக்கு அண்ணாச்சி? கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு. ஓட்டிருங்க" என்றேன். ஐந்நூறு சார்ட் ஓடி முடிந்தது.

2. ஒரு சொட்டுத் தண்ணீர்

லெக்சரர் அம்மா பையிலிருந்து ஒரு நியூஸ்பேப்பர் மடிப்பை எடுத்தார். உள்ளே குற்றாலத்தில் பறித்துக் காயவைத்த நிஜப் பெரணி இலை. திருப்பிக் காட்டினார். நான் அழித்த அதே புள்ளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"இது அழுக்கு இல்லீங்க. ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி மூட்டை. உள்ள ஸ்போர்னு தூள் இருக்கும். அது உதிர்ந்துதான் அடுத்த பெரணி வரும்."

அண்ணாச்சிக்குக் கோபத்தை மீறிய சந்தேகம் வந்துவிட்டது. "பூவும் இல்ல, காயும் இல்லங்கீக. பனையிலகூட ஆம்பளப் பனை, பொம்பளப் பனைன்னு இருக்கும்மா. இதுல எப்படி?"

"தூள் ஈரத்துல விழுந்து, நகத்தளவு ஒரு பச்சைத் தகடா வளரும். ஆணும் பெண்ணும் அதுலயே இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணி நின்னாப் போதும், ஆண் அணு அதுல நீந்திப் போயி பெண் அணுவோட சேர்ந்துரும்."

"தண்ணி வேணுமாக்கும்? அதான் நம்மூர்ல ஒண்ணையும் காணோம்" என்று அண்ணாச்சி வெள்ளந்தியாகச் சொன்னார். அந்தம்மா சிரித்துவிட்டார். ஆனால் திங்கட்கிழமை விருதுநகரில் பள்ளிகளுக்கான கண்காட்சி, சார்ட் அங்கே தொங்கியாக வேண்டும், ஞாயிறு மத்தியானம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று வெள்ளிக்கிழமை.

அவர் தலை மறைந்ததும் அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஏலே, புதுசா அடிக்கப் பேப்பர் கெடையாது. மெஷின்ல காலண்டர் முருகன் ஓடிக்கிட்டிருக்காரு, நிறுத்த முடியாது. என்ன செய்வியோ ஏது செய்வியோ, ஞாயித்துக்கிழமை சார்ட் போகலைன்னா நீயும் போயிரு."

விளையாட்டாகச் சொல்லவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு வேறு வேலையும் தெரியாது. பிரஷ்ஷை எடுத்து, முதலில் கழிவுத் தாள்களில் கையாலேயே புள்ளி வைத்துப் பார்த்தேன். முப்பதாவது தாளில் விரல் சோர்ந்து, புள்ளிகள் எறும்பு ஊர்வது மாதிரி கோணிக்கொண்டு போயின.

3. பேச்சியின் சட்டம்

மத்தியானம் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பேச்சியம்மாள் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள். மரச் சட்டத்தில் வரிசை வரிசையாகக் குச்சிகளைச் செருகி இறுக்கிக் கொடுப்பாள். மொத்தச் சட்டத்தையும் ஒரே முக்காக மருந்தில் முக்குவார்கள். அவள் வேலையை நான் என்றைக்கும் ஒரு வேலையாக மதித்ததில்லை. அன்று வேறு ஆள் இல்லாததால் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"இம்புட்டுத்தானா?" என்றாள். "ஆயிரம் குச்சிய ஒரே முக்குல முக்குறோம். இருபத்திரண்டு புள்ளிய வைக்க முடியாதாக்கும்? பிள்ள பெறப்போற இலையப் பிடிச்சு மூஞ்சி கழுவி விட்டுட்டு வந்திருக்கீக, இதுல சோறு வேற எறங்கலையாம்."

எனக்குச் சுருக்கென்றது.

சின்னதாக ஒரு சட்டம் செய்தாள். இரண்டு வரிசை, வரிசைக்குப் பதினொரு குச்சி. மையில் தொட்டு ஒரு தாளில் ஒற்றினோம். புள்ளிகள் சதுரம் சதுரமாக விழுந்தன. குச்சியே சதுரமாயிற்றே! நான் தலையில் கை வைத்தேன். அவள் குச்சி நுனிகளை மருந்தில்லாத வெறும் வச்சிரப் பசையில் முக்கிக் காயவைத்தாள். நுனியெல்லாம் உருண்டுவிட்டது. இப்போது ஒற்றினால் உருண்டைப் புள்ளி.

சனிக்கிழமை காலை பேச்சியும் அவள் கூட்டாளிகள் இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டுச் சட்டத்தோடு பிரஸ்ஸுக்குள் வந்தார்கள். மண்ணெண்ணெய் நாறும் இடத்தில் தீக்குச்சிச் சட்டத்தைக் கண்டதும் அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். "இருக்கன்குடித் தாயே! எம் பிரஸ்ஸக் கொளுத்த வந்துட்டாளுகளே!"

பேச்சி சட்டத்தைத் தீப்பெட்டிப் பட்டையில் உரசியே காட்டினாள். பற்றவில்லை. அண்ணாச்சிக்குத்தான் வியர்த்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஐந்நூறும் முடிந்தது. ஒற்றுவது அவர்கள், தாள் எடுத்துக் கொடுப்பது நான்.

4. லென்ஸ்

ஞாயிறு மத்தியானம் லெக்சரர் அம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார். "பிரமாதம்! யார் வச்சது?"

"நம்ம ஆர்ட்டிஸ்ட்தாம்மா" என்று அண்ணாச்சி என்னை முன்னால் தள்ளினார். பேச்சி மை படிந்த கையை முந்தானையில் துடைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் பேரும் எனக்கு, வேலையும் எனக்கு. ஒரு நிமிஷம் அந்த ஆசை இருந்தது, மறைப்பானேன்? அப்புறம் வெட்கமாகிவிட்டது.

"நான் இல்லம்மா. என் வீட்டுக்காரி" என்றேன்.

பேச்சி சிரித்தாள். "அவுகள விட்டா பூவுல இருக்குற மகரந்தத்தையும் தூசின்னு தொடச்சிருவாக."

எல்லோரும் சிரித்தார்கள், என்னைத் தவிர. லெக்சரர் அம்மா என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினார். மெல்ல லென்ஸைச் சார்ட்டின் கடைசி வரிசைக்கு நகர்த்தினார். செம்பருத்தியின் சூல்முடி மேல் மகரந்தம் விழுவதைக் காட்டும் படம். மகரந்தத்தைத்தான் காணவில்லை.

"அதுவும் நாந்தாம்மா" என்றேன்.

யாரும் எதுவும் சொல்வதற்குள் பேச்சி சட்டத்தைப் பிரித்து ஐந்தே ஐந்து குச்சிகளை வைத்து இறுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்நூறிலும் ஒற்றி முடிக்கும்வரை லெக்சரர் அம்மா காத்திருந்து, கடைசி பஸ்ஸில் சார்ட்டுகளை ஏற்றிக்கொண்டு போனார்.

அண்ணாச்சி என்னை அனுப்பவில்லை. "திங்கக்கிழமையிலருந்து ஒம் பொண்டாட்டியும் இங்கனயே வேலைக்கு வரட்டும்லே. எந்தப் புள்ளிய அடைக்கணும்னாலும் அவகிட்டக் கேட்டுட்டு அடை" என்றார்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஒன்று என்னவென்று தெரியாவிட்டால், அழிப்பதற்கு முன் கேளுங்கள். நான் அந்த பிரஸ்ஸில் இருந்த பத்தொன்பது வருஷமும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் பேச்சி நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வேண்டுமென்றே ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத்தான், "ம், அடைங்க" என்பாள்.