சத்திரத்தில் படுக்கச் சொன்னேன்

“…ரூம்லயே கெடக்கட்டுமா, இல்ல வேலை செய்யுற எடத்துலயே போயி படுத்துக்கட்டுமான்னு கேக்குறாருக்கா. எனக்கு இன்னா தெரியும்? நீ சொல்லேன்.”

போனை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள், என் மெஸ்ஸில் மாவரைக்கிறவள். சிந்தாதிரிப்பேட்டை ஆற்றோரத்து வீடு போய், ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்ட குடும்பம். இரண்டு பஸ் மாறி மயிலாப்பூர் வருவாள். வீட்டுக்காரர் கொத்தனார். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த ஆள் என்று ஒரு ஏஜெண்ட் வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தான். அங்கே பல நூறு வருஷத்துச் சத்திரம் ஒன்றைப் பழுது பார்க்கிற வேலை. ஊரே அப்படிப் பழசு. நீல ஓடு பதித்த கும்மட்டங்களைப் படம் பிடித்து அனுப்புவார். சாப்பிட வந்தவர்களெல்லாம் எச்சில் கையோடு எட்டிப் பார்ப்பார்கள்.

அந்த ஊர்மேல்தான் ஒரு வாரமாக விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. அவர் தங்கியிருந்த அறையோ ரயில் நிலையத்தை ஒட்டி.

எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. மிச்சமெல்லாம் இட்லி சாப்பிட வந்தவர்கள் வாயிலிருந்து பொறுக்கியது. அன்றைக்கும் கேட்டேன்.

“ஸ்டேஷன் பக்கத்துல இருக்கப்படாதும்மா,” என்றார் மாட வீதி மாமா, காபியை ஆற்றிக்கொண்டே. “மொதல்ல அதைத்தான் அடிப்பா. பழைய சத்திரத்தை யார் தொடப்போறா? நம்ம கபாலி கோவில்ல வந்து குண்டு போடுவாளோ?”

மூலையிலிருந்த ஆட்டோக்காரர் சிரித்தார். “அது உனுக்குத் தெரியும் மாமா, அந்த பைலட்டுக்குத் தெரியுமா? மேலேர்ந்து பாத்தா எல்லாம் மொட்டமாடிதான்.”

எல்லாரும் சிரித்தோம். நன்றாகச் சொன்னார் என்று அந்தப் பேச்சை அப்படியே மனசில் எடுத்து வைத்துக்கொண்டேன். மத்தியானம் வந்த இரண்டு பேரிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். ஆனால் அவளுக்கு யோசனை சொன்னபோது மாமா சொன்னதைத்தான் சொன்னேன்.

அவளுக்கு எழுத வராது. போனை வாங்கி வாட்ஸ்அப்பில் நானே பேசி அனுப்பினேன். “தம்பி, மெஸ் அக்கா பேசறேன். சத்திரத்துக்குப் போயிடுங்க. மூணடி கனத்துக்குச் சுவர். தைரியமாத் தூங்குங்க.”

“சரிங்கக்கா, இன்னிக்கே போறேன்,” என்று அவர் குரலில் பதில் வந்தது.

மறுநாள் டி.வி.யில் அந்தப் பழைய ஊரைக் காட்டினார்கள். கும்மட்டம் இருந்த இடத்தில் புகை நின்றது. அதன்பிறகு இவள் பேசி அனுப்பியதற்கெல்லாம் ஒற்றை டிக். அங்கே போய்ச் சேர்ந்தால்தானே இரண்டு விழும்? “சார்ஜு இல்லாம இருக்கும்க்கா,” என்பாள். நான் கேட்காமலே சொல்வாள். உளுந்தைக் கழுவிக்கொண்டே போனில் பேசுவாள். சின்னவனுக்குப் பல் விழுந்தது, மேல்வீட்டுக்காரி தண்ணிக்குச் சண்டை பிடித்தது, எல்லாம் போகும். ஒற்றை டிக்.

நாலாம் நாள், காலை டிபன் முடிந்த நேரம். “அக்கா! ரெண்டு டிக் வுழுந்துட்சுக்கா! அல்லாத்துக்கும் வுழுது பாரு!” என்று ஈரக்கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

உடனே போன் அடித்தது. அவர் நம்பர். ஸ்பீக்கரில் போட்டாள்.

“அண்ணி, நான் அண்ணன்கூட ரூம்ல இருக்கிறவன். கடலூருங்க.” வேறு குரல். “சத்திரத்துல கரண்ட் இல்லன்னு போனை இங்கயே சார்ஜுல போட்டுட்டுப் போயிருக்காரு. இப்பதான் இங்க கரண்ட் வந்துச்சு. ரூமுக்கு ஒண்ணும் ஆகலீங்க, ஜன்னல் கண்ணாடி மட்டும்தான். சத்திரத்துலதான் நாலு நாளா தோண்டுறாங்க. அங்கருந்துதான் வரேன். அண்ணி, பக்கத்துல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?”

அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“நீயே கேளுக்கா. நீதான பேசி அனுப்புன,” என்று போனை என் மடியில் வைத்தாள். உள்ளே போய், ஒன்றும் போடாத கிரைண்டரை ஓடவிட்டு, அதன் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.