துண்டுக்கு அடியில் அரைமணி நேரம்

கொச்சி மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் என் அத்தா மிளகுத் தரகர். அவருடைய தொழிலில் விலையை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். விற்பவரும் வாங்குபவரும் வலது கையைக் கொடுத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டு விழும். அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேரம் நடக்கும். இரண்டு விரல் பிடித்தால் இருபது, மூன்று பிடித்தால் முப்பது. சுற்றி நிற்பவர்களுக்கு முகம் மட்டும்தான் தெரியும், முகத்தில் ஒன்றும் தெரியாது. இன்னொரு வழக்கமும் உண்டு. தனக்கு வேண்டியதை வேண்டிய அளவில் கேட்கிறவன் அந்தத் தெருவில் முட்டாள். ஏற்றிக் கேட்க வேண்டும், இறங்கி வந்து முடிக்க வேண்டும். இந்த இரண்டாவது வழக்கம் என் சட்டப் படிப்புக்கே உலை வைக்கப் பார்த்தது.

சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் என் வலது கை போய்விட்டது. விரல்கள் மெல்ல மடங்கும், இறுகாது. இடது கையால் எழுதுவேன். எழுத்து அழகுதான், வேகம் கிடையாது. அழுத்திப் பிடிக்க இன்னொரு கை இல்லாததால் தாள் நழுவிக்கொண்டே போகும். வீட்டில் அத்தாவின் மிளகு சாம்பிள் பை ஒன்றைத் தாளின் மேல் வைத்து எழுதுவேன். பி.ஏ. பரீட்சைகளில் கடைசிக் கேள்விகளை விட்டுவிட்டுத்தான் தேறினேன். எண்பதுகளின் தொடக்கத்தில் வக்கீலாக வேண்டும் என்று கிளம்பியபோது, நுழைவுத் தேர்வில் அந்தக் கதை நடக்காது என்று தெரிந்தது. எனக்கு வேண்டியவை இரண்டுதான்: கூடுதலாக அரைமணி நேரம், தாளின் மேல் வைக்க அந்தப் பை. இதையெல்லாம் கேட்கலாமா கூடாதா என்று சொல்வதற்குக்கூட அன்று ஆள் இல்லை. நானும் அத்தாவும் சட்டக் கல்லூரி பிரின்ஸிபலை நேரில் பார்க்கப் போனோம்.

"நான் பேசுறேன். நீ வாயத் தொறக்காதே மோளே" என்றார் அத்தா.

உள்ளே போனதும் ஆரம்பித்தார். "சாரே, குட்டிக்கு ஒரு மணி நேரம் கூட வேணும். எழுதிக் கொடுக்க ஒரு ஆள் வேணும். ஒக்காந்து எழுதத் தனி முறி, தனி ரூம் வேணும். தண்ணி எடுத்துக் கொடுக்க இவ அம்மாவும் கூட இருக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தனக்கு இப்படி ஒரு வேலை வந்திருப்பது அம்மாவுக்கே தெரியாது.

பிரின்ஸிபல் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "இத்தனை சகாயம் வேணும்னா இந்தக் குட்டி எப்படி வக்கீலாகும்? டீச்சர் ட்ரெயினிங்குக்கு விடுங்க" என்றார். கரும்பலகையில் எழுதக் கை வேண்டாம் என்று அவருக்கு யார் சொன்னார்களோ. அத்தா அடுத்த பேச்சுக்காகக் காத்திருந்தார். அடுத்த பேச்சு வரவில்லை. பியூன் கதவைத் திறந்து பிடித்தான்.

திரும்பும்போது, காயலைக் கடக்கும் போட்டில் சண்டை.

"கொறச்சுச் சொல்லுவாருன்னுல்லே நெனச்சேன்" என்றார் அத்தா.

"அவரு யாவாரியா அத்தா? நீங்க கேட்டதையெல்லாம் கூட்டிப் பாத்து என்னையவே வேண்டாம்னுட்டாரு."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கூடவே அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. கேட்டதை அப்படியே கொடுத்த ஒருவரையும் அவர் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார்.

மறுவாரம் நானே பேசுகிறேன் என்று கிளம்பினேன். அத்தா கூட வந்து, கல்லூரி கேட்டுக்கு வெளியே சாயாக்கடையில் நின்றுகொண்டார். நான் உள்ளே போய் இரண்டையும் சொன்னேன்: அரைமணி நேரம், ஒரு மிளகுப் பை. பிரின்ஸிபல் சற்று யோசித்துவிட்டு, "கால் மணி போதாதா?" என்றார்.

பின்னாளில் வக்கீலாகி எத்தனையோ சமரசப் பேச்சுகளில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கால் மணியைப்போல எதுவும் எனக்கு ஆசை காட்டியதில்லை. வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றே தோன்றியது.

"போதாது சார். முப்பது நிமிஷம் வேணும், அதனாலதான் முப்பதுன்னு கேட்டேன்" என்றேன்.

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் தள்ளி, ஏதாவது எழுது என்றார். எழுதத் தொடங்கினேன். இரண்டாவது வரியிலேயே தாள் கோணிக்கொண்டு போனது. அவர் தன்னை அறியாமல் கையை நீட்டித் தாளைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தை முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார்.

"அதுக்குத்தான் சார் அந்தப் பை" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டு அதையே ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு என் விண்ணப்பத்தின் ஓரத்தில் இரண்டுக்கும் அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். "மிளகு பைக்கு வெளிய சிதறக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

போட்டில் கூட்டம். அத்தா ஒன்றும் கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் முடிந்த விலையைக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. மட்டாஞ்சேரி நெருங்கும்போது தோளிலிருந்த துண்டை எடுத்து எங்கள் மடிமேல் விரித்தார். அடியில் கையை விட்டு என் வலது கையைத் தேடி எடுத்தார். அந்தக் கையிடம் அதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. தன் விரல்களை அதற்குள் வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார், கடைத்தெரு முகத்தோடு.

ஒரு விரலைப் பிடித்தேன். பிறகு இரண்டாவதை. மூன்றாவதுக்கு என் விரல்கள் வர நேரம் எடுத்தது. போட் ஜெட்டியைத் தொட்டது. ஆட்கள் முண்டியடித்து இறங்கினார்கள். அத்தா கையை எடுக்கவில்லை. நான் பிடித்து முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.