துண்டு போட்ட பஸ்

ஆட்டிசம் உள்ள என் தம்பிக்கு முப்பது வயது. பிறர் மனம் அவனுக்குப் புரிகிறதா என்று பார்க்க, புதுக்கோட்டையில் ஒரு டாக்டர் கதை சொன்னார்: மாலா பந்தைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். யாரோ அதைப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறார்கள். திரும்பி வந்தவள் எங்கே தேடுவாள்?

“கூடையிலதான். மாத்துனது அவளுக்குத் தெரியாதுல்ல?” என்றான்.

பூரித்துப்போய் அவனோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். ஆலங்குடி பஸ்ஸில் சன்னல் வழியாக அவன் துண்டைப் போட்டு இடம் பிடித்தேன். அவன் கழிப்பறைக்குப் போயிருந்தபோது, வேறொரு பஸ் அதற்கு முன்பே கிளம்பும் என்றார்கள். துண்டை எடுத்துக்கொண்டு அதில் ஏறிவிட்டேன். மாலை வெயிலும் இன்ஜின் முனகலும் தாலாட்ட, கண் சொக்கியது. விழித்தபோது பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தம்பி இல்லை.

“நிறுத்துங்க, என் தம்பி ஏறலைங்க!” என்று அலறி இறங்கி ஓடினேன்.

முதல் பஸ்ஸில், நான் இடம் பிடித்த அதே சீட்டில், பொன்வெயிலில் மிதப்பவன்போல உட்கார்ந்திருந்தான்.

“அக்கா, நீ மாத்துனத எங்கிட்டச் சொல்லலியே” என்றான்.

இப்போதெல்லாம் வீட்டில் உப்பு ஜாடியைக்கூட அவனிடம் சொல்லிவிட்டுத்தான் நகர்த்துகிறேன்.