அஸ்தினாபுரத்தில் ஒரு இங்கிலீஷ் பேய்

நேயர் கடிதம் ஒன்றை நானே எழுதி, நானே திறந்து, நானே வியந்து, நண்பனிடம் வாசிக்கக் கொடுத்தேன். எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது. அதை இங்கே முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் அன்றைக்கு ஒப்புக்கொண்டபோது யாரும் நம்பவில்லை.

என் கல்லூரி நண்பன் அஸ்தினாபுரத்தில் தன் வீட்டு மாடி அறையிலிருந்து ஓர் இணைய வானொலி நடத்திவந்தான். பின்னால் எந்த நிறுவனமும் கிடையாது. ஒரு மைக், ஒரு லேப்டாப், சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெங்கும் ஒட்டிய முட்டை அட்டைகள், அவ்வளவுதான். வெள்ளியும் சனியும் இரவு பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை பேய், ஆவி, அமானுஷ்யம். பகலில் அவன் கல்யாண மண்டபங்களுக்கு மைக் செட் போடுகிறவன். 'மொய் எழுதுபவர்கள் இடது பக்கம் வரவும்' என்று பகலில் அறிவிக்கும் அதே தொண்டை, இரவில் 'அந்தக் கதவு... தானாகத் திறந்தது' என்று கரகரக்கும். இரண்டுக்கும் அவன் ஒரே எதிரொலியைத்தான் வைத்திருந்தான்.

எனக்கு மறைமலை நகரில் கார் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலை. பெயர்தான் தரக் கட்டுப்பாடு. உண்மையில் நான் செய்வது, புகார்களுக்குப் பதில் எழுதுவது. 'வருந்துகிறோம், மீண்டும் நிகழாது' என்பதை ஒருமுறை எழுதியது போல் மறுமுறை இல்லாமல் எழுதுவேன். இந்தத் தகுதியைப் பார்த்துத்தான் நண்பன் என்னை நேயர் கருத்துகளுக்குப் பொறுப்பாளன் ஆக்கினான்.

"மச்சான், திட்டு வாங்கி உனக்குத்தான் பழக்கம். நீயே பாத்துக்கோ" என்றான்.

பார்த்துக்கொள்ள ஒன்றும் வரவில்லை என்பதுதான் சிக்கல். முதல் இரண்டு மாதத்தில் எழுதியவர்கள் மூன்றே மூன்று பேர். ஒருவர், பின்னணியில் நாய் ஊளையிடும் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். அதைக் கேட்டு அவர் வீட்டு நாயும் பதில் சொல்கிறதாம். இன்னொருவர், காதுகுத்துக்கு மைக் செட் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். மூன்றாமவர் பல்லாவரத்தில் ஓய்வுபெற்ற ஒரு சார். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டு, கீழே காரணமும் எழுதுவார். 'பேய் வரும் நேரம் தொடர்ச்சியாக இல்லை. முதல் பாதியில் பன்னிரண்டு மணி, இரண்டாம் பாதியில் பதினொன்றரை. மதிப்பெண் மூன்று.'

நண்பன் சோர்ந்துபோனான். பேயே வந்து எதிரில் உட்கார்ந்திருந்தாலும் அவ்வளவு வெளிறியிருக்க மாட்டான். அவனைத் தேற்றத்தான் நான் அந்தக் கடிதத்தை எழுதினேன். ஏரிப் பக்கம் ஒரு மஞ்சள் வீடு. நள்ளிரவில் மொட்டை மாடியில் வெள்ளை உடையில் ஒரு பெண் இங்குமங்கும் நடக்கிறாள். கிட்டே போய்க் கேட்டால் இங்கிலீஷில் பேசுகிறாள். எதற்கு இங்கிலீஷ் என்றால், அன்று பகலில் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரு ரப்பர் வாஷருக்காக என்னைப் போனில் ஒரு மணி நேரம் இங்கிலீஷில் வறுத்தெடுத்திருந்தார். எனக்குத் தெரிந்த பயம் அதுதான். கீழே 'பெயர் வெளியிட விரும்பாத நேயர்' என்று கையெழுத்துப் போட்டேன். உண்மைதானே, வெளியிட எனக்கு விருப்பமில்லை.

நண்பன் அதை வாசித்தான். அவன் குரல் நிஜமாகவே நடுங்கியது. நான்தான் எழுதினேன் என்று அவனிடமும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலை தாம்பரத்திலிருந்து ரயிலில் உட்கார்ந்து போனைத் திறந்தால் கருத்துகள் கொட்டிக்கிடந்தன. கூடுவாஞ்சேரி வரைக்கும் படித்தும் தீரவில்லை. எல்லோரும் அந்தப் பேயைப் பார்த்திருந்தார்கள். ஒருவர் போன வருடமே பார்த்துவிட்டார். வேலை அதிகம், சொல்ல நேரமில்லையாம். ஒரு அக்கா, 'நடக்கிறது உண்மை, ஆனால் கால் தரையில் படவில்லை, கடிதம் எழுதியவர் சரியாகக் கவனிக்கவில்லை' என்று என்னைத் திருத்தியிருந்தார். பேய் ஏன் இங்கிலீஷ் பேசுகிறது என்பதற்குப் பல்லாவரம் சார் இரண்டு பக்க விளக்கம் அனுப்பியிருந்தார். பல்லாவரம் கன்டோன்மென்ட்டில் இருந்த வெள்ளைக்கார அதிகாரியின் மனைவியாம். பல்லாவரத்து ஆவி எதற்கு அஸ்தினாபுரத்துக்கு வருகிறது என்று இன்னொருவர் மடக்க, பழைய பல்லாவரத்தில் இப்போது நெரிசல் அதிகம் என்று சார் பதில் சொன்னார். முதல் முறையாக ஏழு மதிப்பெண் போட்டிருந்தார்.

அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த வாரம் ஒரு தம்பி குரல் பதிவு ஒன்றை அனுப்பினான். காற்றுச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் குரல், இங்கிலீஷில், நிதானமாக, 'எக்ஸ்பயர்டு... எஸ், எக்ஸ்பயர்டு' என்றது. மறுபடியும் போட்டுக் கேட்டேன். நான் கற்பனையில் எழுதிய பேய் எனக்குத் தெரியாமல் எப்படிப் பேசலாம்?

நண்பன் அந்தப் பதிவை ஒரே நிகழ்ச்சியில் மூன்று முறை போட்டான். "கேட்டீங்களா நேயர்களே... தான் இறந்துபோன செய்தியை... அவங்களே சொல்றாங்க" என்றான். அன்றைக்கு வந்த கருத்துகளில் பாதி அழுகைப் பொம்மைகள்.

அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமை காலை, கிளம்பப்போகும் ரயிலில், அந்தப் பெண்ணின் குரல் செய்தி எனக்கே வந்தது. இந்த முறை தமிழில்.

"சார், அந்த மஞ்ச வீட்டு மாடில குடியிருக்கிறது நான்தான். நான் செத்துட்டேன்னு உங்க ப்ரோக்ராம்ல சொல்லிட்டு இருக்கீங்க. அடுத்த மாசம் எனக்கு ஆபீஸ்ல அப்ரைசல் இருக்கு. தயவுசெஞ்சு நேர்ல வந்து ஒரு பதில் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் மட்டும் போனேன். மண்டபத்தில் முகூர்த்தம் இருக்கிறது என்று நண்பன் தப்பித்துக்கொண்டான். வீடு நிஜமாகவே மஞ்சள். ஏரியும் அருகில்தான் இருந்தது. அந்தப் பக்கத்தில் மஞ்சள் வீடு இன்னும் நாலு இருக்கும். ஆனால் நேயர்கள் தேடிப்பிடித்தது, ராத்திரியில் ஆள் நடமாடிய இந்த ஒன்றை. கேட்டுக்கு வெளியே நறுக்கிய எலுமிச்சம்பழங்கள் குங்குமத்தோடு காய்ந்துகிடந்தன. கீழ்வீட்டுக்காரர்கள் ஒரு திருஷ்டிப் பூசணி வாங்கித் தொங்கவிட்டிருந்தார்கள். வழக்கமாக அது தெருவைப் பார்த்து முறைக்கும். இங்கே மாடிப்படியைப் பார்த்து முறைத்தது.

பேய்க்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடி போட்டிருந்தார். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்காக அங்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனிகளோடு போனில் வாதாடும் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கிறார். அங்கே பகல் என்றால் இங்கே ராத்திரி. வீட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அதனால் சிக்கலான போன்களை மொட்டை மாடியில் நடந்துகொண்டே பேசுவாராம்.

"வெள்ளை டிரெஸ்?" என்று கேட்டேன். புகார் விசாரித்துப் பழகிய வாய்.

"நைட்டி சார். வெயில் காலத்துல காட்டன் நைட்டி போட்டா அது குத்தமா?"

"எக்ஸ்பயர்டுன்னு..."

"பாலிசி சார்! பாலிசி எக்ஸ்பயர்டு! யாரோ ஒரு அமெரிக்காக்காரன் பாலிசிய ரினியூ பண்ணாம விட்டுட்டான். அதுக்கு நான் பேயாகணுமா?"

சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனது. தினமும் ராத்திரி பைக்குகளில் பையன்கள் வந்து கேட்டருகே நின்று டார்ச் அடிக்கிறார்கள். அவர் எட்டிப் பார்த்தால் 'மேடம், ஒன் போட்டோ' என்கிறார்கள். ஒரு வாரமாக மொட்டை மாடிக்கே போகவில்லை. சர்ச்சிலிருந்து நாலு பேர் வந்து அவர் தலையில் கை வைத்து முக்கால் மணி நேரம் ஜெபித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "எனக்குள்ள இருக்கிறது வெளியே போகணும்னு ஜெபம் பண்றாங்க சார். எனக்குள்ள இருக்கிறது தூக்கம் மட்டும்தான்" என்றார். ஹவுஸ் ஓனர் மரியாதையாகக் கேட்டுப் பார்த்தாராம், வேறு வீடு பார்க்க முடியுமா என்று.

"அந்த லெட்டரை எழுதினது யாரு?" என்று கேட்டார்.

தொழிற்சாலையில் என்றால் மூலகாரணம் ஆராயப்பட்டு வருகிறது என்று எழுதியிருப்பேன். இங்கே வாய் வரவில்லை. "நான்தாங்க" என்றேன்.

"என்னைப் பாத்தா எழுதினீங்க?"

"இல்லைங்க. சும்மா எழுதினேன்."

பார்த்து எழுதியிருந்தால்கூட இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டார் என்று தோன்றியது. "சும்மாவா?" என்றார். "சரி. அதையே ப்ரோக்ராம்ல சொல்லுங்க. நானும் பேசறேன்."

நண்பன் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. கடிதம் பொய் என்று தெரிந்ததும், அவனை ஏமாற்றியதற்குக் கோபப்படுவான் என்று பார்த்தேன். "மச்சான், இன்னும் இந்த மாதிரி எத்தனை எழுதுவே?" என்றுதான் கேட்டான். அந்தப் பெண்ணைப் பேச விடாவிட்டால் நான் விலகுகிறேன் என்று சொன்ன பிறகு இறங்கி வந்தான்.

அந்தச் சனிக்கிழமை மைக்கின் முன் உட்கார்ந்து, கடிதம் என் கற்பனை என்று தெளிவாகச் சொன்னேன். தொழிலில் கற்ற வருத்தங்கள் அத்தனையும் தெரிவித்தேன். அவரும் போனில் வந்து, தான் உயிரோடு இருப்பதையும், இன்சூரன்ஸ் வேலை பார்ப்பதையும், நைட்டி பருத்தி என்பதையும் விளக்கினார். பின்னணி எதிரொலியை அணைக்க நண்பன் மறந்துவிட்டான். அல்லது மறந்த மாதிரி இருந்துவிட்டான். 'நான் உயிரோடதான் இருக்கேன்... இருக்கேன்... இருக்கேன்' என்று போனது.

அதுவரை வராத அளவுக்குக் கருத்துகள் வந்தன. ஒருவரும் நம்பவில்லை. 'உங்களை மிரட்டிப் பேச வைக்கிறார்கள் என்று குரலிலேயே தெரிகிறது. தைரியமாக இருங்கள் அண்ணா.' 'உயிரோடு இருக்கும் யாராவது, நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்வார்களா?' 'நடிக்க வந்த அக்கா சுமார்தான். நிஜப் பேய் இதைவிட நல்லா பேசும்.' ஒரு தம்பி, கடிதம் எழுதிய என் கையையே அந்தப் பேய்தான் பிடித்து எழுத வைத்தது என்று நிரூபித்திருந்தான். படிக்கும்போது எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. பல்லாவரம் சார் ஒன்பது போட்டார்.

அடுத்த மூன்று ராத்திரியும் கேட்டருகே கூட்டம் கூடியது. நாலாவது ராத்திரி நடந்ததை அந்தப் பையன்களில் ஒருவன் பதிவுசெய்து அனுப்பியிருந்தான். மறுநாள் காலை ரயிலில்தான் கேட்டேன். முதலில் டார்ச், கிசுகிசுப்பு. பிறகு மாடியிலிருந்து அந்தக் குரல்.

"டேய்! இன்னாடா அங்க நின்னுகினு மேல பாத்துகினு கீறீங்க? பேய் பாக்கணுமா பேய்? நானே அந்த அமெரிக்காக்காரன்கிட்ட மாட்டிகினு பேஜாராயி நிக்கிறேன். கீழ எறங்கி வந்தேன், செருப்பு பிஞ்சிடும்! வூட்ல சொல்லிட்டு வந்தீங்களாடா? நம்பரைக் குடு, ஒங்க அம்மாகிட்டயே பேசறேன்!"

வண்டிகள் கிளம்பும் சத்தத்தோடு பதிவு முடிந்தது. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் தாம்பரம், இங்கிலீஷ் ஆபீஸுக்கு மட்டும்தான் என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். பையன்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அன்று வந்த கருத்துகளைப் போல நான் படித்ததே இல்லை. எல்லோரும் ஏமாந்துபோயிருந்தார்கள். 'இது வேற பேய். அந்தப் பழைய பேயை இது துரத்திவிட்டது.' 'எங்க தெருவில் தண்ணி லாரி வந்தால் இப்படித்தான் பேசுவார்கள். இதற்கு எதற்கு ராத்திரி கண் விழிக்கணும்?' பல்லாவரம் சார் மிகவும் நொந்திருந்தார். 'முன்பிருந்த தரம் இல்லை. மதிப்பெண் இரண்டு.'

அதோடு கூட்டம் நின்றது. நான் மன்னிப்புக் கேட்டு நிற்காதது, சர்ச்சுக்காரர்கள் ஜெபித்து நிற்காதது, பூசணிக்காய் முறைத்து நிற்காதது, ஐந்தாறு வரி மெட்ராஸ் தமிழில் நின்றுவிட்டது. இங்கிலீஷ் பேசினால் தெரியாத ஏதோ ஒன்று என்று கைகட்டி நிற்கிற சனம், தன் பாஷையில் பேசினால் இவ்வளவுதானா என்று வீட்டுக்குப் போய்விடுகிறது. சிரிக்க எனக்கும் உரிமையில்லை. வாஷருக்காகத் திட்டிய அந்த ஆள் தமிழில் திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கேட்டிருப்பேன்.

நான் விலகினேன். நண்பன் தடுக்கவில்லை. "நல்ல பேயைக் கெடுத்துட்டே மச்சான்" என்றான், துக்கம் விசாரிக்கிற குரலில். அவன் நிகழ்ச்சி இப்போதும் நடக்கிறது. பேய் பெருங்களத்தூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. நேயர் கடிதங்களுக்குக் குறைவில்லையாம். யார் எழுதுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அந்த மஞ்சள் வீட்டு மாடிப் பெண்ணைப் பார்த்தேன். பழைய மர அலமாரி ஒன்றை ஷேர் ஆட்டோவில் ஏற்ற முடியாதென்ற டிரைவரிடம் வாதாடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். அதே வீட்டில்தான் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். அப்ரைசல் என்ன ஆனது என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் பிடிங்க சார்" என்றார்.

பிடித்தேன். கனமாக இருந்தது. இருவரும் தூக்கி ஒரு குட்டியானை மினி லாரியில் ஏற்றினோம். அவர் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமலே, "தேங்க்ஸ்" என்றார். வண்டி ஜிஎஸ்டி ரோட்டில் திரும்பி, தாம்பரம் பக்கம் போனது.