சாதுவுக்கு ஒன்று, உதைக்கு ஐந்து

அடையாறில் எங்கள் ஆராய்ச்சி அலுவலகத்தில் என்ன செய்கிறேன் என்று வீட்டில் விளக்குவதற்குள் எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. மாட்டின் குணங்களை யார் எங்கே பதிவு செய்தாலும் ஒரே சொல்லை ஒரே பொருளில் எழுத வேண்டும். அப்போதுதான் அவற்றை மரபணுவோடு ஒப்பிட முடியும். அந்தச் சொற்களுக்கு விளக்கம் எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு. எனக்கென்று கிடைத்த முதல் சொல், பால் கறக்கும்போது மாடு எவ்வளவு சாது என்பது. அசையாமல் நின்றால் ஒன்று, உதைத்தால் ஐந்து.

இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஒரே எண்ணைப் போட்டால்தான் விளக்கம் எங்கள் சொல் தொகுப்பில் சேரும். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிடக் கூடாது என்று, சேர்ந்து போகவும் தடை. மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் மாடு வைத்துப் பால் விற்ற ஓர் அக்காவின் தொழுவத்துக்கு நான் ஒரு நாள் போவேன், சக ஊழியர் மறுநாள் போவார். எங்கள் எண்கள் ஒட்டவே இல்லை. கறுப்புப் பசுவுக்கு நான் ஐந்து, அவர் ஒன்று.

"நீங்க பார்த்தது மாடா, பொம்மையா?" என்று சண்டையே போட்டேன்.

"இன்னொரு முறை ஒத்துவரலைன்னா இந்தச் சொல்லையே எடுத்துடலாம்" என்றார் எங்கள் தலைவர். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்தக் கடைசி முறை போகும்போது ஓர் ஆட்டோ என் வெள்ளைக் கோட்டின் முதுகில் சேற்றை வாரி அடித்தது. தி.நகரில் அளவு கொடுத்துத் தைத்த கோட்டு. அதைப் போட்டால்தான் விஞ்ஞானி என்ற நினைப்பு எனக்கு. ஆட்டோக்காரரைத் திட்டிக்கொண்டே கழற்றிப் பையில் திணித்துவிட்டு, வெறும் சுடிதாரோடு போய் நின்றேன். கறுப்புப் பசு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அசைபோட்டது.

"இன்னா மேடம், உன்ன கண்டாலே எகிறும், இன்னிக்கு கம்முனு கீது?" என்றார் அக்கா.

ஊசி போட வரும் மாட்டு டாக்டரும் வெள்ளைக் கோட்டுதானே, சக ஊழியர் கோட்டே போடுவதில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. சேர்ந்து போகத் தடையாவது ஒன்றாவது என்று சக ஊழியரைப் போனில் வரவழைத்தேன். அவர் நம்பவில்லை. என் கோட்டைத் தானே மாட்டிக்கொண்டு பசுவின் அருகே போனார். கறந்துகொண்டிருந்த அக்காவின் வாளி பறந்தது. பால் முழுக்க அவர் பேண்ட்டில்.

"அஞ்சு. சந்தேகமே இல்ல" என்றார். அக்கா எங்களை வைத வசைக்கு எந்தத் தொகுப்பிலும் சொல் கிடையாது.

'பார்ப்பவர் வெள்ளைக் கோட்டு அணியக் கூடாது' என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன். தலைவரிடம் கெஞ்சி இன்னொரு வாய்ப்பு வாங்கி, மறுபடி தனித்தனியாகப் போனோம். எண்கள் ஒத்துப்போயின, கறுப்புப் பசுவுக்கு இருவரும் ஒன்று. என் சொல் பிழைத்துவிட்டது என்று தலைவர் போனில் சொன்னபோது, நான் அந்தத் தொழுவத்தில்தான் அக்காவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் பசு என் துப்பட்டாவை மென்றுகொண்டிருந்தது. இருந்த சந்தோஷத்தில் நான் அதை இழுக்கவே இல்லை.